பொய்க்கூரைக்கு மேலே என்ன நடக்கிறது?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரங்கத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு சின்ன வேலை. தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். வெள்ளைப் பலகைகள், விளக்குகள், குளிர்காற்று வரும் சல்லடை, தீயணைக்கும் நீர்த்தெளிப்பானின் சிறிய மூக்கு, புகை உணர்கருவி, ஒலிபெருக்கி. எல்லாம் கோலப் புள்ளிபோல வரிசையாக இருக்கின்றன. அந்தப் பலகைகளில் ஒன்றைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தால், தீபாவளிக்கு முந்திய இரவு தேக்காவில் நிற்பதுபோல இருக்கும். ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு, யார் எங்கே போகிறார் என்றே தெரியாது.

மின்கம்பிகளைச் சுமக்கும் இரும்புத் தட்டுகள், தகரக் காற்றுக் குழாய்கள், குளிர்நீர்க் குழாய்கள், நீர்த்தெளிப்பான் குழாய்கள், கழிவுநீர்க் குழாய்கள், இணையக் கம்பிகள், தீ அபாய மணிக் கம்பிகள் என்று இத்தனையும் அந்த இடுக்கில்தான் ஓடவேண்டும். அங்கே அரை மீட்டர் உயரம் கிடைத்தாலே பெரிய விஷயம். மின்சாரப் பொறியாளர் தமது படத்தைச் சரியாகவே வரைந்திருப்பார். குளிர்சாதனப் பொறியாளரின் படமும் சரியாக இருக்கும். குழாய்ப் பொறியாளரின் படத்திலும் பிழை காணமுடியாது. ஆனால், சரியான அந்த மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே இடத்தில் மூன்று பொருள்கள் நிற்கும். அந்த மூன்றையும் எப்படிச் சமாதானப்படுத்துவது என்பதுதான் இன்றைய அரங்கத்தின் பொருள்.

நான் பொறியாளர் அல்ல. தொடர்புத் துறையில் பட்டயம் படித்துவிட்டுக் கேமரா முன் நிற்க வந்தவள். ‘உங்களுக்கு எதற்கம்மா இந்த ஒயர் விவகாரம்?’ என்று தயாரிப்பாளரே கேட்டார். நம் தமிழ்க் குடும்பங்களில் கட்டுமானத் துறையோடு தொடர்பில்லாத குடும்பம் குறைவு என்றேன். அண்ணன் தள மேற்பார்வையாளர், மாமா மின்பணியாளர், தம்பி பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்பொறியியல். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்குள்ள தளங்களில் கம்பித் தட்டு தூக்குகிறவர்களும், மடிக்கணினியில் அதே தட்டை வரைகிறவர்களும் நம்மவர்கள்தாம். இந்தத் துறையில் எதுவும் புரியாவிட்டாலும், வீடு புதுப்பிக்கும் நாள் வரும்போது அதன் கட்டணம் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். தொலைக்காட்சிக் கூடத்தில் ஒலிவாங்கிக் கம்பி சுமந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. பக்கத்திலேயே விளக்குக்குப் போகும் கம்பியில் 230 வோல்ட். இரண்டையும் ஒன்றாகக் கட்டி நீள ஓடவிட்டால் என் குரலோடு ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரமும் உங்கள் வீட்டுக்கு வரும். அது மின்சாரத்தின் ஓசை, நொடிக்கு 50 சுழற்சி. ஆகவே எங்கள் ஒலிப்பதிவாளர்கள் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வார்கள்: இரண்டு கம்பியும் குறுக்கே வெட்டிக்கொள்ளலாம், ஆனால் கைகோத்து நடக்கக்கூடாது. கட்டடத்திலும் இதே கதைதான். மின்கம்பித் தட்டு ஒரு பக்கம், தகவல் கம்பியும் தீ அபாய மணிக் கம்பியும் இன்னொரு பக்கம். அதற்கு இடம் வேண்டும். இடத்தை யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

கூடத்தில் இன்னொரு பாடமும் உண்டு. பழைய இழை விளக்கு ஒன்று 2 கிலோவாட். பன்னிரண்டு விளக்கு போட்டால் 24 கிலோவாட். அதில் பெரும்பகுதி வெளிச்சமாக அல்ல, வெப்பமாகத்தான் வரும். அந்த வெப்பத்தைக் குளிர்சாதனம் அகற்றவேண்டும். ஆகவே மின்சாரப் பொறியாளர் விளக்குக் கணக்கைக் கொடுக்காமல் குளிர்சாதனப் பொறியாளர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அதற்கு எவ்வளவு மின்சாரம் என்ற கணக்கு மறுபடி மின்சாரப் பொறியாளரிடம் திரும்பி வரும். அவர் கம்பியின் பருமனைக் கூட்டுவார். எல்இடி விளக்குகள் வந்தபின் வெப்பம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் பழைய கணக்கையே வைத்துக் குளிர்சாதனத்தை வாங்கிவிட்டால், அளவுக்கு மீறிய இயந்திரம் வாங்கிய காசும் போகும், அறையில் ஈரப்பதமும் சரியாகக் குறையாது. பத்து நிமிடம் ஓடிவிட்டு நின்றுவிடும் இயந்திரம் காற்றைக் குளிர்விக்கும், உலர்த்தாது.

சரி, மறுபடி பொய்க்கூரைக்கு ஏறுவோம்.

இடநெருக்கடியில் யாருக்கு முன்னுரிமை? தளங்களில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. வளைய முடியாதவருக்கு முதல் இடம். கழிவுநீர்க் குழாய் சரிவாகத்தான் போகவேண்டும். மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டராவது இறங்கவேண்டும். குறுக்கே உத்தரம் வந்தால் மேலேறிக் கடக்க அதற்கு வழியில்லை, தண்ணீர் மேலே ஏறாது. அடுத்தது பெரிய காற்றுக் குழாய். ஒரு மீட்டர் அகலமுள்ள தகரப் பெட்டியை ஆடுபுலி ஆட்டம்போல நகர்த்த முடியாது. ஒவ்வொரு வளைவுக்கும் காற்றின் வேகம் குறையும், விசிறி கூடுதலாக உழைக்கும், சத்தம் வரும். பிறகு நீர்த்தெளிப்பான் குழாய். கடைசியில் மின்சாரம். ‘ஒயர்தானே, எப்படியும் வளையும்’ என்பது எல்லாருக்கும் இளப்பம். வீட்டுக் கடைக்குட்டியைக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கச் சொல்வதில்லையா, அப்படி.

ஆனால் கட்டடத்தின் முதன்மைக் கம்பிகள் கையளவு பருமன். அவற்றை அதன் விட்டத்தைப்போலப் பல மடங்கு ஆரமுள்ள வளைவில்தான் திருப்பமுடியும். முழங்கைபோல மடக்கினால் உள்ளே காப்புறை விரிசல் விடும். அன்றைக்குத் தெரியாது, சில ஆண்டு கழித்துத் தெரியும். அதோடு கம்பியைத் தட்டில் கிடத்த மேலே கைபோகும் இடம் வேண்டும். படத்தில் தட்டு அழகாகப் பொருந்தியிருக்கும். தளத்தில் ஏணியில் நிற்கும் தொழிலாளரின் கை நுழையாது. நான் சந்தித்த ஓர் ஒருங்கிணைப்பாளர், கடலூர்க்காரர், சொன்னார்: “படம் வரையிறவங்களுக்குக் கை இருக்குங்க, ஆனா படத்துல வரையற ஆளுக்குக் கை இருக்காது.”

நம் ஊர் காற்றின் ஈரம் பற்றியும் சொல்லவேண்டும். குளிர்நீர்க் குழாயில் ஓடும் தண்ணீர் ஏறத்தாழ 6, 7 டிகிரி. மேலே சுற்றிய பஞ்சுறையில் ஒரு கிழிசல் இருந்தாலும் ஐஸ் காப்பிக் குவளைபோல வியர்த்துச் சொட்டும். அது சொட்டும் இடத்தில் மின்கம்பித் தட்டு இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. எனவே தண்ணீர்க் குழாய் கீழே, மின்சாரம் மேலே. மின்விசைப் பலகை அறைக்கு நேர்மேலே குளியலறை வரக்கூடாது. கேட்டால் ‘இது தெரியாதா’ என்று தோன்றும். ஆனால் கட்டடக் கலைஞர் ஐந்தாம் மாடியின் கழிவறையை இரண்டு மீட்டர் நகர்த்தும்போது நான்காம் மாடியின் மின்னறை அவர் படத்தில் இருக்காது. அது வேறொருவர் படம்.

இன்னொன்று, வெப்பம். மின்சாரம் ஓடும் கம்பி சூடாகும். தனியே கிடந்தால் சூடு காற்றில் கலந்துவிடும். முப்பது கம்பிகளை ஒரே தட்டில் நெருக்கி அடுக்கினால் நடுவில் கிடக்கும் கம்பிக்கு மூச்சுமுட்டும். ஆகவே நெருக்கி அடுக்கும்போது ஒவ்வொரு கம்பியும் சுமக்கக்கூடிய மின்னோட்டத்தைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். மின்சாரப் பொறியாளர் இரண்டு தட்டுகள் கேட்டிருப்பார். இடமில்லை என்று தளத்தில் ஒரே தட்டில் அடைத்துவிடுவார்கள். விளக்கு எரியும், சோதனையில் தேறும். ஆனால் அவர் போட்ட கணக்கு அன்றே செல்லாமல் போய்விட்டது.

ஒரே ஓர் எண் மாறினால் எத்தனை பேருக்கு வேலை வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தண்ணீர் ஏற்றும் பம்பு 30 கிலோவாட் என்று முடிவாகியிருக்கிறது. மூன்றுமுனை 400 வோல்ட்டில் அதற்குச் சுமார் 55 ஆம்பியர் ஓடும். கடைசி நேரத்தில் ‘கொஞ்சம் பெரிசாப் போட்டுக்குவோம்’ என்று 45 கிலோவாட் பம்பு வாங்கிவிட்டார்கள். இப்போது 80 ஆம்பியருக்கு மேல். கம்பி மாறவேண்டும், மின்துண்டிப்பான் மாறவேண்டும். நேரடியாக ஓடவிட்டால் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அதைப்போல ஆறு மடங்குவரை போகும் என்பதால், மின்தடையின்போது இயங்கும் டீசல் மின்னாக்கியும் பெரிதாக வேண்டும். மின்னாக்கி பெரிதானால் அதன் அறைக்குள் கூடுதல் காற்று வரவேண்டும், அறைச் சுவரில் பெரிய துளை வேண்டும், டீசல் தொட்டியும் பெரிதாக வேண்டும், அதன் எடையைத் தாங்கத் தளம் போதுமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கவேண்டும். பம்பு வாங்கியவர் இத்தனை பேரில் ஒருவருக்காவது தகவல் அனுப்பினாரா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் மின்பணியாளர் பம்பின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்கும்போதுதான் செய்தி தெரியவரும்.

இதெல்லாம் சின்னக் கட்டடங்களின் தலைவலி என்று நினைக்காதீர்கள். ஜெர்மானியர் என்றால் துல்லியம் என்று நாம் ஒரு பேச்சு வைத்திருக்கிறோம் அல்லவா? அந்த நாட்டின் தலைநகர் விமான நிலையத்துக்கு வாருங்கள்.

பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையம் 2012 ஜூன் 3ஆம் தேதி திறக்கப்படுவதாக இருந்தது. அதற்கு முன்பே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. இம்முறை எல்லாம் தயார் என்றார்கள். திறப்புக்கு நான்கு வாரம்கூட இல்லாத நிலையில், மே 8ஆம் தேதி, திறக்க முடியாது என்று அறிவித்தார்கள். ஓடுபாதை தயாராக இருந்தது, கூரை ஏறிவிட்டது, கண்ணாடிச் சுவர் பளபளத்தது. தேறாதது, தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் ஏற்பாடு.

இயல்பாகப் புகை மேலே போகும். கூரையில் புகைபோக்கி வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த முனையத்தின் கூரை அழகுக்குப் புகைபோக்கி இடைஞ்சலாக இருக்கும் என்பதால் புகையின் ஒரு பகுதியை விசிறிகளால் கீழே இழுத்து, தரைக்கு அடியில் ஓடும் குழாய்கள் வழியாக வெளியேற்றத் திட்டமிட்டிருந்தார்கள். புகையைக் கீழே இறக்க வேண்டும் என்றால் விசிறி, அடைப்பான், கதவு, உணர்கருவி, நீர்த்தெளிப்பான் எல்லாம் ஒரே நொடியில் ஒத்திசைந்து இயங்கவேண்டும். அவற்றை இணைப்பவை கம்பிகள். அந்தக் கம்பிகள் தவறாகப் பதிக்கப்பட்டிருந்தன. தட்டுகளில் அளவுக்கு மீறிக் கம்பிகள். தனித்தனியே இருக்கவேண்டியவை ஒன்றாகக் கிடந்தன. தானியங்கி ஏற்பாடு நேரத்துக்கு முடியாது என்று தெரிந்தபோது, நூற்றுக்கணக்கான ஆட்களை அமர்த்தி, தீ என்றால் அவர்கள் கையால் கதவைத் திறப்பார்கள் என்று ஒரு யோசனையும் வைத்தார்கள். அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை.

இது எப்படி நேர்ந்தது? கட்டிக்கொண்டிருக்கும்போதே முனையத்தின் அளவை மாற்றிக்கொண்டே போனார்கள், கடைகளுக்கு இடம் கூட்டினார்கள். சுவர் நகர்ந்தது, படம் மாறியது, படம் மாறுவதற்குள் கம்பி போட்டாகிவிட்டது. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று, என் பார்வையில், திறப்பு ரத்தான பிறகு நடந்தது. வடிவமைப்புக் குழுவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையே முறித்தார்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஓரளவேனும் தெரிந்தவர்களும் அவர்களோடு போய்விட்டார்கள். பிறகு வந்தவர்கள் பொய்க்கூரையைத் திறந்து திறந்து, ஒவ்வொரு கம்பியாகத் தேடவேண்டியிருந்தது. 2013இல் அந்த முனையத்தில் விளக்குகளை அணைக்கவே முடியவில்லை என்ற செய்தி வந்தது. பயணிகளே வராத கட்டடத்தில் இரவு பகலாக விளக்கு. 2018இல், சுமார் 750 தகவல் திரைகளை மாற்ற வேண்டியதாயிற்று. ஆண்டுக்கணக்கில் ஓடியே அவற்றின் ஆயுள் முடிந்திருந்தது. விமான நிலையம் திறந்தது 2020 அக்டோபர் 31ஆம் தேதி. எட்டு ஆண்டுத் தாமதம், பல பில்லியன் யூரோ கூடுதல் செலவு.

சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சோதனை அதிகாரிகள் கண்டிப்பாக இல்லாமல், ‘சரி, திறந்துகொள்ளுங்கள்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தால்? அதே நாட்டின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996 ஏப்ரலில் தீப்பிடித்தது. பற்றவைப்பு வேலையில் பறந்த பொறி கூரை இடுக்கில் இருந்த காப்புப் பொருளில் பற்றியது. 17 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் புகையில் மூச்சுத்திணறி. பெர்லின் அதிகாரிகளின் நினைவில் அது இருந்திருக்கும்.

நம்மூர்க் கட்டடம் ஒன்றில் தீ அபாய மணி அடித்தால் என்னென்ன நடக்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மின்தூக்கிகள் குறிப்பிட்ட மாடிக்கு வந்து கதவைத் திறந்து நிற்கவேண்டும். குளிர்சாதன விசிறிகள் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் புகையை அவையே மாடிமாடியாக விநியோகிக்கும். படிக்கட்டில் காற்றழுத்த விசிறி ஓடத்தொடங்கவேண்டும், அப்போதுதான் படிக்கட்டுக்குள் புகை நுழையாது. பூட்டிய கதவுகள் விடுபடவேண்டும். மின்சாரம் போனால் மின்னாக்கி எழுந்து, இந்த விசிறிகளுக்கும் தீயணைப்புப் பம்புகளுக்கும் உயிர்கொடுக்கவேண்டும். தீ அபாய மணி ஒரு குத்தகையாளர், மின்தூக்கி இன்னொருவர், விசிறி வேறொருவர், கதவுப்பூட்டு நான்காமவர்.

நான் பேசிய ஒருங்கிணைப்பாளர்கள் எல்லாரும், கேட்டுவைத்தாற்போல், ஒரே இடத்தைத்தான் சுட்டிக்காட்டினார்கள். ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு மீட்டர். தீ அபாய மணிக் குத்தகையாளர், ‘என் வேலை என் பெட்டியோடு முடிந்தது’ என்பார். விசிறிக் குத்தகையாளர், ‘என் முனைக்குச் சைகை வந்தால் ஓட்டுகிறேன்’ என்பார். நடுவில் உள்ள கம்பி யாருடைய விலைப்பட்டியலிலும் இல்லை. ஒரு கட்டடத்தில் ஒப்படைப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அது தெரியவந்ததாம். இரண்டு நிறுவனங்களும் மின்னஞ்சலில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஒரு மேற்பார்வையாளர் தாமே கம்பிச் சுருளை வாங்கிவந்து ஆள் வைத்து இழுத்திருக்கிறார். அதுவும் சாதாரணக் கம்பியாக இருக்கக்கூடாது. தீயிலும் சிறிது நேரம் தாங்கும் கம்பி வேண்டும். ஆபத்து நேரத்தில் வேலை செய்யவேண்டிய கம்பி, ஆபத்து தொடங்கியதும் உருகிவிட்டால் இருந்து என்ன பயன்?

சுவரில் போடும் துளையையும் சொல்லாமல் விடமுடியாது. கம்பி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகச் சுவரைத் துளைப்பார்கள். அது தீ தாங்கும் சுவராக இருந்தால், துளையைத் தீ தாங்கும் பொருளால் அடைக்கவேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையம் இருக்கிறது. 1975 மார்ச் 22ஆம் தேதி அங்கே கம்பித் துளைகளில் காற்று கசிகிறதா என்று பார்க்க மெழுகுவத்தியைப் பிடித்தார்கள். சுடர் ஆடினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். சுடர் ஆடியது, துளையில் அடைத்திருந்த நுரைப்பொருளில் பற்றியது. தீ பல மணி நேரம் எரிந்து 1,600க்கும் மேற்பட்ட கம்பிகளைச் சேதப்படுத்தியது. ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும் என்று போட்டிருந்த மாற்றுக் கம்பிகளும் பக்கத்திலேயே கிடந்தன. இரண்டும் சேர்ந்து எரிந்தன. அதிலிருந்துதான் மாற்று வழிக் கம்பிகளைப் பிரித்து வைக்கவேண்டும் என்ற விதிகள் அங்கே இறுகின.

‘இப்போதுதான் கணினி வந்துவிட்டதே’ என்பீர்கள். வந்துவிட்டது. முப்பரிமாணக் கட்டட மாதிரி என்றும், பிம் என்றும் சொல்கிறார்கள். எல்லாருடைய படத்தையும் ஒரே மாதிரியில் சேர்த்தால் குழாயும் தட்டும் மோதும் இடங்களைக் கணினியே சிவப்பில் காட்டும். சிங்கப்பூரில் 20,000 சதுர மீட்டரைத் தாண்டும் புதிய கட்டடங்களுக்கு, கட்டடக் கலைப் படங்களை இந்த முறையில் சமர்ப்பிப்பது 2013இலும் பொறியியல் படங்களை 2014இலும் கட்டாயமாயிற்று. 2015இல் அந்த எல்லை 5,000 சதுர மீட்டராக இறங்கியது. 2023 டிசம்பரில் தொடங்கிய கோர்நெட் எக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், இயந்திர, மின்சாரப் பொறியாளர் எல்லாரும் தங்களுக்குள் ஒத்துப்போன ஒரே மாதிரியைத்தான் அரசாங்க அமைப்புகளிடம் கொடுக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். ‘அவர் படம் வேறு, என் படம் வேறு’ என்ற பேச்சை வாசலிலேயே நிறுத்தும் ஏற்பாடு. எனக்கு இது பிடித்திருக்கிறது. சண்டையைத் தளத்தில் போடுவதைவிட மேசையில் போடுவது மலிவு.

ஆனால் கணினி பேசும் மொழி ஒன்றாக இருக்கவேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உலகிலேயே முதலில் பறக்கவிட்ட ஏ380 விமானம் நினைவிருக்கிறதா? 2007 அக்டோபரில் சிட்னிக்குப் போனது. ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது தெரியுமா? அந்த விமானத்துக்குள் 500 கிலோமீட்டருக்கு மேல் மின்கம்பி. ஹம்பர்க்கில் ஒரு வகை மென்பொருள், துலூஸில் அதே மென்பொருளின் வேறொரு பதிப்பு. ஜெர்மனியில் செய்துவந்த கம்பிக் கட்டு பிரான்சில் பொருத்தும்போது எட்டவில்லை. கட்டடம் அல்லதான், ஆனாலும் இதைவிடப் பொருத்தமான கதை எனக்குக் கிடைக்கவில்லை.

கணினி காட்டும் சிவப்புப் பட்டியலும் ஆயிரக்கணக்கில் வரும். அதில் பாதி, தட்டைத் தாங்கும் கம்பி சுவரைத் தொடுகிறது என்பதுபோன்ற சில்லறை. உண்மையான ஆபத்தைச் சில நேரம் அது காட்டவே காட்டாது. பொருள் மோதவில்லை என்றால் அது பேசாமல் இருக்கும். பழுதுபார்க்கப் போகும் ஆளுக்கு இடமில்லை என்பதை யாராவது சொல்லிவைத்திருந்தால்தான் அதற்குத் தெரியும். புகை உணர்கருவியைக் குளிர்காற்றுச் சல்லடைக்கு அடுத்து வைத்தால் அழகாக இருக்கும், வரிசை கெடாது. ஆனால் புகை வந்தால் காற்று அதைத் தள்ளிவிடும், கருவி தூங்கும். இதைப் பார்க்க மனிதக் கண்தான் வேண்டும். வாரம் ஒருமுறை எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து மாதிரியைப் பார்க்கும் கூட்டத்துக்கு இளநிலை ஊழியரை அனுப்பிவிட்டு முதலாளி வேறு வேலைக்குப் போகும் நிறுவனங்கள் இருக்கின்றன. முடிவெடுக்கும் உரிமை இல்லாதவர் கூட்டத்தில் இருந்தால், அவர் தலையாட்டுவதைத் தவிர வேறென்ன செய்வார்?

முன்தயாரிப்புக் கட்டுமானத்தில் இந்த ஒருங்கிணைப்பு இல்லாமல் ஓர் அடியும் நகராது. கிளமெண்ட் கேனொப்பி என்ற 40 மாடிக் கட்டடங்கள் இரண்டு 2019இல் முடிந்தன. சுமார் 1,900 அறைப் பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து அடுக்கினார்கள். கான்கிரீட் வேலை ஜொகூரில் நடந்தது. குழாயும் மின்கம்பியும் பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டு வரும். பெட்டியை அடுக்கிய பிறகு, ‘ஐயோ, இங்கே ஒரு சுவிட்ச் மறந்துவிட்டோம்’ என்றால் வழியில்லை. வரைபடம் முதல் நாளே முடிந்திருக்கவேண்டும். இந்த ஒழுங்கு சாதாரணக் கட்டடங்களுக்கும் தொற்றினால் நல்லது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வீவக வீடு வாங்கிப் புதுப்பிக்கிறீர்கள். தச்சர், குழாய்க்காரர், குளிர்சாதனக்காரர், மின்பணியாளர், பொய்க்கூரைக்காரர். நீங்கள்தான் ஒருங்கிணைப்பாளர், சம்பளம் இல்லாமல்.

முதலில் பார்க்கவேண்டியது முதன்மைச் சுவிட்ச். 1994க்கு முன் கட்டிய வீடுகளில் அது 30 ஆம்பியராக இருக்கலாம். 230 வோல்ட்டில் பெருக்கினால் 6,900 வாட். 40 ஆம்பியர் என்றால் 9,200. உடனடி வெந்நீர்க் கருவியே 3,000 வாட் அளவுக்கு இழுக்கும். மின்தூண்டல் அடுப்பு அதற்குக் குறையாது. மூன்று அறைக்குக் குளிர்சாதனம், ஒரு மின்சார அடுமனைப் பெட்டி. கூட்டிப் பாருங்கள். தச்சர் அடுப்புக்கு அளவெடுத்து, பளிங்குப் பலகை வெட்டிய பிறகு மின்பணியாளர் வந்து ‘இந்த அடுப்புக்கு உங்கள் வீட்டில் மின்சாரம் போதாது’ என்றால் யாரைக் கோபிப்பது? மின்பணியாளர் முதலில் வரவேண்டும். அவர் உரிமம் பெற்றவரா என்றும் கேளுங்கள். கூச்சப்படவேண்டாம்.

மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி புதிய வீடுகளுக்கு 1985இலிருந்தே கட்டாயம். அதற்கு முந்திய வீடுகளுக்கும் 2023 ஜூலை 1 முதல் அது கட்டாயமாகி, இரண்டு ஆண்டு அவகாசமும் முடிந்துவிட்டது. அம்மா அப்பா இன்னும் பழைய வீட்டில் இருந்தால், இந்த வாரக் கடைசியில் போகும்போது அந்த மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் ஆள் கூப்பிடுங்கள்.

அடுத்தது வரிசை. குளிர்சாதனக் குழாய் போகும் வழி முதலில் முடிவாகட்டும், அதுவும் கழிவுநீர்க் குழாய்போல வளையாத பேர்வழி. சொட்டும் நீர் சரிவாக வெளியேற வேண்டும். பிறகு மின்கம்பி. அதன் பிறகுதான் பொய்க்கூரையும் அலமாரியும். அலமாரி செய்பவரிடம் சுவிட்ச் இருக்கும் இடங்களைக் குறித்த தாள் ஒன்றைக் கொடுங்கள். சுவிட்சை அலமாரி மறைத்த வீடுகளை நான் இரண்டு பார்த்திருக்கிறேன். ஒன்றில் பலகையில் வட்டமாகத் துளை போட்டு, விரலை விட்டு விளக்குப் போடுகிறார்கள். குளியலறைப் பொய்க்கூரைக்குள் வெந்நீர்த் தொட்டி வைப்பவர்கள், அதைக் கழற்றி எடுக்குமளவு திறப்பு விடச் சொல்லுங்கள். எட்டிப் பார்க்க மட்டும் போதும் திறப்பு பழுதுபார்க்கப் போதாது. வீட்டுக் காப்பறைச் சுவரில் துளையிடக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும் மறக்கவேண்டாம், ‘ஒரே ஒரு துளைதானே’ என்று எந்தக் குத்தகையாளர் சொன்னாலும்.

சுவரைப் பூசி மூடுவதற்கு முந்திய நாள் மாலை கைத்தொலைபேசியோடு போய், ஒவ்வொரு சுவரையும் கூரையையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. ஐந்து ஆண்டு கழித்துச் சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது கம்பி எங்கே போகிறது என்று தெரியும்.

மேடையில் இப்போது மூன்று பேர் என்னோடு அமர்ந்திருக்கிறார்கள், ஒரு மின்பொறியாளர், ஒரு தீப்பாதுகாப்புப் பொறியாளர், தளங்களில் இருபது ஆண்டு கம்பி இழுத்த ஒரு மேற்பார்வையாளர். முதல் கேள்வியை நானே மேற்பார்வையாளர் அண்ணனிடம் கேட்டுவிடுகிறேன்: வரைந்த படம் தளத்தில் பொருந்தவில்லை என்று தெரிந்த அந்த நிமிடத்தில், வேலையை நிறுத்து என்று சொல்ல உங்களுக்கு எப்போதாவது அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா?